ஐந்து மாதப் பாப்பாவோடு காரில் அரியமான்: சரிப்படுமா?

வைகைக்கரையான் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு ஐந்து மாதம் முடிந்து ஒரு வாரம். மூன்றரை மாத ஊசி வரைக்கும் போட்டாயிற்று, தாய்ப்பால் மட்டும்தான். என் மனைவி கம்பத்துக்காரி. கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான், அதில் ஒன்று பள்ளிக்கூடச் சுற்றுலா. பிரசவத்துக்குப் பிறகு தாய்வீட்டில் மூன்று மாதம், இங்கே மதுரைக்கு வந்து இரண்டு மாதம், நான்கு சுவரைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை. போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "கடல் பக்கம் எங்கயாவது போயிட்டு வருவமா" என்றாள். கேட்ட நேரம் அப்படி, மறுக்க மனசு வரவில்லை.

மாசி பிறந்ததும் ஒரு சனி, ஞாயிறு போகலாம் என்று இருக்கிறேன். ராமநாதபுரம் தாண்டி இருக்கிற அரியமான் கடற்கரை, முடிந்தால் தனுஷ்கோடி. வண்டி 2014 வேகன்ஆர். எத்தனை மணிக்குக் கிளம்புவது? வழியில் எங்கே நிறுத்திப் பால் கொடுப்பது? குழந்தைக்கென்று தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டுமா, அம்மா மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், பாப்பா தூளியில் போட்டால்தான் தூங்குவாள். கட்டிலில் போட்டால் பத்து நிமிஷத்தில் ஊரைக் கூட்டிவிடுவாள். லாட்ஜில் தூளிக்கு எங்கே போவது?

அம்மா, "உப்புக்காத்து பட்டா சளி கட்டிக்கும், காத்து கருப்பு வேற" என்கிறார். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திண்ணைப்பேச்சு:

அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஒரு வயசு ஆகட்டும், கடல் எங்கேயும் ஓடிவிடாது. எங்கள் காலத்தில் மொட்டை போடத்தான் முதன்முதலில் ஊர் தாண்டுவோம்.

இரட்டைச்சடை:

தம்பி, போங்கள். போன வருஷம் இதே மாசியில் நாலரை மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு திருநகரிலிருந்து அதே அரியமானுக்குப் போய்வந்தவள் நான். நாங்கள் செய்த தப்பையெல்லாம் சொல்கிறேன், நீங்கள் வேறு தப்புச் செய்துகொள்ளுங்கள்.

முதல் தப்பு, மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பியது. மதுரையிலிருந்து அந்தச் சாலை தென்கிழக்காகப் போகிறது. பிற்பகல் சூரியன் நமக்கு முதுகுப் பக்கம், ஓட்டுகிறவருக்குச் சுகம்தான். ஆனால் கைக்குழந்தையின் இருக்கையைப் பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்ட வேண்டும். பின் கண்ணாடி வழியாக வெயில் நேரே அவன் முகத்தில். ஏசி எங்களுக்குக் குளிருகிறது, அவன் மானாமதுரை வருவதற்குள் தக்காளி மாதிரி ஆகிவிட்டான். பின் கண்ணாடியை என் துண்டால் மறைத்தேன், அதற்குப் பிறகு இவருக்குப் பின்னால் வருவது தெரியவில்லை. ஒரே சண்டை. நீங்கள் காலை ஐந்து மணிப் பாலைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சூரியன் முன்னால் வரும், உங்கள் கண் கூசட்டும். திரும்பும்போது மூன்று மணிக்கு மேல் கிளம்பினால் அப்போதும் வெயில் முன்பக்கம்தான்.

கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம் என்று செல்போன் சொல்லும், நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, இருக்கையிலிருந்து தூக்கி, கொஞ்சம் தோளில் போட்டு நடக்க வேண்டும். அதிலேயே தூங்க விட்டால் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் இடிக்கும், மூச்சுக்கு நல்லதில்லை. ஆகவே உங்கள் மனைவி பின்னால் பக்கத்தில் உட்காரட்டும். வண்டி ஓடும்போது பால் கொடுக்க எடுக்கவே கூடாது, எவ்வளவு அழுதாலும் ஓரங்கட்டுங்கள்.

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை 2015-லிருந்து இருக்கிறது. நான் நம்பிப் போன ஊரில் பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று விசாரிப்பதற்குள் பையன் பஸ் ஹாரனை மிஞ்சிவிட்டான். அப்புறம் பரமக்குடி தாண்டி ஒரு புளியமர நிழலில் நிறுத்தி, கண்ணாடிக்குத் துப்பட்டாவும் துணிக்கிளிப்பும் மாட்டி வண்டிக்குள்ளேயே கொடுத்தேன். எந்த அறையையும்விட அது தேவலை. எட்டுக் கிளிப்பாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

தூளிக்கு வருகிறேன். எங்களுடையதும் தூளிக் குழந்தைதான். லாட்ஜ் அறையில் மேலே ஃபேனைத் தவிர ஒரு கொக்கி கிடையாது. இவர் ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தார், சுவரில் போய் முட்டியது. ராத்திரி முழுக்க முறை வைத்துத் தோளில் போட்டு நடந்தோம். காலையில் கடற்கரையில் சவுக்கு மரத்தடியில் வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் மூஞ்சியைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். அவர் கயிற்றை எடுத்து இரண்டு சவுக்குக்கு நடுவில் இழுத்துக் கட்டி, "சேலை இருக்கா தாயி" என்றார். இவர் அந்தக் கயிற்றைப் பிடித்துத் தானே ஒரு தடவை தொங்கிப் பார்த்தார், எண்பது கிலோ. அப்புறம்தான் பையனைப் போட விட்டார். இரண்டு மணி நேரம் தூங்கினான் தம்பி, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பழைய நூல் சேலை ஒன்றும், நல்ல கயிறு பத்து முழமும் கட்டாயம். அறைக்கு, இரும்புத் தொட்டில் ஸ்டாண்டு கழற்றி மாட்டுகிற மாதிரி கிடைக்கிறது, டிக்கியில் படுத்துவிடும்.

காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தால் அறை பன்னிரண்டுக்குத்தான் என்பார்கள். முதல் நாளே போனில் பேசிவிடுங்கள். எங்கள் லாட்ஜில் எந்நேரமும் சுடுதண்ணீர் என்றார்கள், ஏழு மணிக்கு மேல் குழாயில் காற்றுதான் வந்தது. கெட்டில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கொசுவலையும்.

கடலுக்குக் காலை ஏழிலிருந்து எட்டரை, சாயங்காலம் ஐந்துக்கு மேல். நடுவில் அறையை விட்டு நகராதீர்கள். ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் தடவக் கூடாது, முழுக்கை மெல்லிய சட்டையும் தொப்பியும் நிழலும்தான் வழி. தண்ணீரில் முக்காதீர்கள், காற்றில் சட்டென்று உடம்பு சில்லிட்டுப் போகும். பாதத்தை ஈர மணலில் வைத்துக் காட்டினால் போதும்.

இன்னொன்று. அந்த ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டது பாப்பா இல்லை, உங்கள் மனைவி. நாங்கள் போனபோது தொப்பி, துண்டு, டயப்பர் என்று கரையில் உட்கார்ந்தே எனக்கு நேரம் போய்விட்டது. இவர் மட்டும் நனைந்து வந்தார், இன்னும் சொல்லிக்காட்டுகிறேன். காலையில் பால் கொடுத்து முடித்ததும் பாப்பாவை நீங்கள் வாங்கிக்கொண்டு, "போ, முக்கால் மணி நேரம் திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லுங்கள். மதியம் ராமநாதபுரம் பக்கம் பால்சுறாப் புட்டு கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள், பால் ஊறும் என்று உங்கள் அம்மாவே ஒத்துக்கொள்வார்.

பாம்பன் டிரைவர்:

சார், அக்கா சொன்னதில் பாக்கி இரண்டு மூன்று.

மடியில் வைப்பது வேண்டவே வேண்டாம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தாலே கையிலிருந்து பிள்ளை பறந்துவிடும். 2019 சட்டத் திருத்தத்தின்படி பதினாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம், ஆனால் ஆயிரம் ரூபாயா இங்கே பேச்சு? உங்கள் வண்டி பழசு, சாதாரண பெல்ட்டில் மாட்டுகிற இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். முன் சீட்டில் மட்டும் மாட்டாதீர்கள், காற்றுப்பை வெடித்தால் பின்பார்த்த இருக்கைக்கு அதுவே எமன். வெயிலில் நின்ற வண்டியில் பக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கட்டுங்கள்.

கடலைப் பற்றி. எங்கள் பக்கம் வடக்கே பாக் நீரிணை அமைதியாக இருப்பதால் பெண்கடல் என்போம், தெற்கே அலை அடிக்கிற மன்னார் வளைகுடா ஆண்கடல். ஆனால் எந்நாளும் அப்படியே இருக்காது. வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசியிலிருந்து தை வரை பெண்கடலும் கிளர்ந்துதான் கிடக்கும், தெற்கே அமைதி. மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் மாறிவிடும். அரியமான் வடக்குப் பக்கம். மாசி பிறந்தால் வாடை இறங்கும், இருந்தாலும் காலையில் சவுக்குத் தோப்பைப் பாருங்கள். நுனி மட்டும் ஆடினால் இறங்கலாம், மரமே சாய்ந்து சத்தம் போட்டால் அன்றைக்குக் கரையோடு சரி. ஆழம் குறைவு, ரொம்ப தூரம் முழங்கால் அளவுதான் இருக்கும்.

தனுஷ்கோடியை விட்டுவிடுங்கள். 1964 புயலுக்குப் பிறகு அங்கே ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டுவிட்டார்கள், வண்டி போகும், ஆனால் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். பெரியவனே கண்ணைக் கசக்குவான். பாம்பன் பாலத்தில் நிறுத்திப் புது ரயில் பாலத்தைப் படம் பிடிக்கிற ஆசையையும் விடுங்கள், நாலு பேர் நிறுத்தினால் நாற்பது வண்டி நிற்கிறது. ஏதாவது அவசரம் என்றால் 108, ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

வைகைக்கரையான்:

போய்விட்டு வந்துவிட்டோம். அக்கா, டிரைவர் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி.

இருக்கையில் கட்டியதும் சிலைமான் வரை ஒரே அழுகை, அப்புறம் தூங்கிவிட்டாள். பரமக்குடியில் ஒரு நிறுத்தம், ராமநாதபுரத்தில் ஒன்று. ஒன்பதரைக்கு அரியமான். முதல் நாள் சவுக்கு சாய்ந்து சத்தம் போட்டது, கரையோடு சரி. ஞாயிறு காலை நுனி மட்டும்தான் ஆடியது.

கயிறு கட்டி, நானும் தொங்கிப் பார்த்து (72 கிலோ), பாப்பாவைத் தூளியில் போட்டேன். தூங்கவே இல்லை. சேலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஆடுகிற சவுக்கு ஊசிகளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மனைவி புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடக்க ஆரம்பித்தவள் நடந்துகொண்டே போனாள். சொன்ன மாதிரி திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடலாமா என்று எனக்குத்தான் இருந்தது. ஐம்பது நிமிஷம் கழித்து வந்தாள், பை நிறையச் சிப்பி. பால்சுறா கிடைக்கவில்லை, நண்டு கிடைத்தது.

சளி இல்லை. வீட்டு வாசலிலேயே நிறுத்தி அம்மா மூன்று பேருக்கும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி தூக்கியதில் பாப்பா இரண்டு தும்மல், அப்பா செய்தித்தாளோடு வெளியே ஓடிவந்தார். அப்படியென்றால் கண் எதுவும் படவில்லையாம்.