லீசலோட்டே: பிறந்த ஊர் எரிந்ததற்கு அவருடைய கல்யாணம்தான் காரணமா?

கோட்டைக்கிறுக்கு:
ஹைடல்பெர்க் கோட்டை பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். பாதி மண்டபங்களுக்குக் கூரை இல்லை, ஒரு கோபுரம் நடுவே பிளந்து அப்படியே சரிந்து கிடக்கிறது. 1689-இலும் 1693-இலும் பிரெஞ்சுப் படை செய்த வேலையாம். எனக்குக் குழப்பம் எங்கே என்றால், அந்தக் கோட்டையிலேயே பிறந்த லீசலோட்டே என்ற பெண் அப்போது பதினான்காம் லூயியின் தம்பி, ஆர்லியான்ஸ் டியூக் ஃபிலிப்பின் மனைவியாக வெர்சாயில் இருக்கிறார். அவருக்குச் சேர வேண்டிய சொத்தைக் கேட்டுத்தான் படை போனது என்கிறார்கள். பெண் கொடுத்த வீட்டையே கொளுத்துவார்களா? இவர் ஒன்றும் சொல்லவில்லையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், விக்கி படித்தால் பெயர்க் குழப்பத்திலேயே தலை சுற்றுகிறது.

வம்சாவளி:
பெயர்களை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள். லீசலோட்டேயின் அப்பா கார்ல் லுட்விக், ஹைடல்பெர்க்கைத் தலைநகராகக் கொண்ட ஃபால்ஸ் நாட்டின் எலெக்டர். ஜெர்மன் பேரரசரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு உள்ள சிற்றரசர்களை அப்படிச் சொல்வார்கள். நாடு முப்பதாண்டுப் போரில் நாசமாகி அப்போதுதான் எழுந்து நிற்கிறது, மேற்கே பிரான்ஸ் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. மகளை லூயியின் தம்பிக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிட்டால் நம் எல்லையில் கை வைக்க மாட்டார்கள் என்று அவர் போட்ட கணக்குதான் 1671 கல்யாணம். அது மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. 1674-இல் பிரெஞ்சுத் தளபதி துரேன் ஃபால்ஸுக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்தினார். கோபத்தில் கார்ல் லுட்விக் துரேனை ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டைக்கு வரச்சொல்லிக் கடிதமே எழுதினார், சண்டை நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1680-இல் அப்பா போனார், 1685-இல் அண்ணன் இரண்டாம் கார்லும் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டார். நாடு வேறொரு கிளைக்கு, நோய்பர்க் குடும்பத்துக்குப் போனது. இங்கேதான் லூயி நுழைகிறார். கல்யாணத்தின்போது லீசலோட்டே ஆட்சியுரிமையை விட்டுக்கொடுத்தது சரி, ஆனால் குடும்பத்தின் தனிச் சொத்தில் பங்கு உண்டே என்று அவர் பெயரில் வழக்கைக் கிளப்பினார். 1688-இல் படை ரைன் நதியை நோக்கிப் போனபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. கொலோன் பேராயர் பதவிக்குத் தன் ஆளைக் கொண்டுவர வேண்டும் என்பது இன்னொன்று. உண்மையில் எரித்தது சொத்துக்காகவே இல்லை. ஜெர்மன் படைகள் ரைன் கரையில் தங்கவோ சாப்பிடவோ வழி இருக்கக் கூடாது என்று போர் மந்திரி லூவுவா போட்ட திட்டம் அது. ஹைடல்பெர்க், மன்ஹைம் இரண்டும் 1689 மார்ச்சில். மன்ஹைமில் கல்மேல் கல் விடவில்லை. மே கடைசியில் ஸ்பெயர், வோர்ம்ஸ். யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம், தம்பி மனைவியின் சொத்து என்று சொல்லிக்கொண்டே அந்தச் சொத்தைச் சாம்பலாக்கியிருக்கிறார்கள்.

ஆக, கல்யாணம் காரணமா என்றால், இல்லை. சாக்கு. கல்யாணமே நடக்காவிட்டாலும் லூவுவா எரித்திருப்பார் என்பது என் எண்ணம்.

ஏட்டுச்சுரைக்காய்:
வம்சாவளி சொன்னது சரி, ஆனால் அந்த அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. "ஒன்றும் சொல்லவில்லையா" என்று கேட்டீர்களே, 1689 மார்ச்சில் அத்தை சோஃபிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. என் நாட்டின் அழிவுக்கு நானே காரணம் என்கிற மாதிரி ஆகிவிட்டதே என்று புலம்புகிறார். இரவு கண்ணயர்ந்த உடனே ஹைடல்பெர்க்கிலோ மன்ஹைமிலோ நிற்பது போலவும் இடிந்ததை எல்லாம் பார்ப்பது போலவும் தோன்றி, திடுக்கிட்டு விழித்தால் அப்புறம் இரண்டு மணி நேரம் தூக்கம் வருவதில்லையாம். இதை அவர் எழுதுவது எங்கிருந்து? எரிக்கச் சொன்ன ராஜாவின் அரண்மனையிலிருந்து. அந்த ராஜாவுடன்தான் வருஷக்கணக்காக வேட்டைக்குக் குதிரையில் போய்க்கொண்டிருந்தார், ஆரம்பத்தில் லூயிக்கு இவரை ரொம்பவே பிடிக்கும். பயமில்லாமல் குதிரை ஓட்டுவார், நறுக்கென்று பேசுவார்.

சோஃபி அத்தை யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லீசலோட்டேக்கு ஐந்தாறு வயதாகும்போதே பெற்றோர் பிரிந்தாயிற்று. அப்பா, முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே லூயிஸ் ஃபோன் டேகன்ஃபெல்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், அந்த வழியில் 13 பிள்ளைகள். அந்தக் கூச்சலிலிருந்து விலக்கிக் குழந்தையை 1659-இல் ஹனோவரில் அத்தையிடம் அனுப்பினார்கள். அங்கிருந்த நாலு வருஷம்தான் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிரான்ஸ் போனபின் அந்த அத்தைக்கும், சின்னம்மா வழித் தங்கைகளுக்கும் எழுதித் தள்ளினார். மொத்தம் 60,000 கடிதம் வரை இருக்கலாம் என்கிறார்கள், பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது.

புருஷன் விஷயம் பலருக்கும் தெரிந்திருக்கும். ஃபிலிப்புக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம், ஷெவாலியே த லோரேன் என்ற அழகன்தான் அந்த வீட்டில் எஜமான் மாதிரி. நகை, ரிப்பன், வாசனைத் தைலம் என்று அலங்காரம் எல்லாம் டியூக்குக்கு. மனைவிக்கோ அதில் துளியும் அக்கறை கிடையாது, தன் முகம் கரடி, பூனை, குரங்கு மூன்றும் கலந்தது என்று தானே கேலி செய்துகொள்வார். இரண்டு மகன், ஒரு மகள். மூத்தவன் 1676-இல், மூன்று வயது நிறைவதற்கு முன்பே இறந்தான். வைத்தியர்கள்தான் கொன்றார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார், அதன்பின் எந்த வைத்தியரையும் நம்பவில்லை. 1693-இல் அவருக்குப் பெரியம்மை வந்தபோது ரத்தம் எடுக்க விடவே இல்லை, தழும்போடு பிழைத்துக்கொண்டார். அந்தக் கால வைத்தியத்தை நினைத்தால் அது புத்திசாலித்தனம்தான்.

மகள் பிறந்த பிறகு இருவரும் தனித்தனிப் படுக்கைக்கு மாறிவிட்டார்கள், அதில் இரண்டு பேருக்குமே நிம்மதி.

கோட்டைக்கிறுக்கு:
இருவருக்கும் நன்றி. லூவுவா பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இன்னொன்று, இவர் புராட்டஸ்டண்ட் குடும்பம்தானே, கத்தோலிக்க அரச குடும்பத்தில் எப்படிச் சேர்த்தார்கள்? மதம் மாறாமல் இருந்திருந்தால் இங்கிலாந்து ராணி ஆகியிருப்பார் என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார், அது கதையா?

நிலா_மதுரை:
பாதி உண்மை. பிரான்ஸ் எல்லையைத் தாண்டும்போதே, 1671 நவம்பரில் மெட்ஸ் நகரில், மதம் மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி நடித்தார். மகளாகவே மனம் மாறியது போல அவருக்கு ஒரு கடிதம் வரவேண்டும் என்றுகூட ஏற்பாடு.

மாறினாரே தவிர உள்ளுக்குள் பழைய ஆள்தான். ஜெர்மன் பைபிளைத் தினமும் படிப்பார், பூசையில் பிரசங்கம் தொடங்கினால் தூங்கிவிடுவார், அதையும் வெட்கமில்லாமல் எழுதுவார். ஒருமுறை வெர்சாய் ஆரஞ்சுத் தோட்ட மண்டபத்தில் யாரும் இல்லை என்று நினைத்து பைபிளின் ஆறாம் சங்கீதத்தை உரக்கப் பாடிக்கொண்டிருந்தாராம். மேலே சாரத்தில் நின்று சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்த வயதான ஓவியர் ஒருவர் இறங்கி ஓடிவந்து காலில் விழுந்து அழுதிருக்கிறார். அவர் சீர்திருத்தச் சபை என்ற புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்தவர், எங்கள் சங்கீதம் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறதே என்று. 1685-இல் அந்தச் சபையாரின் வழிபாட்டு உரிமையையே லூயி பறித்ததை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இப்போது இங்கிலாந்து. லீசலோட்டேயின் அப்பா வழிப் பாட்டி எலிசபெத் ஸ்டுவர்ட், இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மகள். 1701-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கத்தோலிக்கருக்கு அரியணை கிடையாது என்று சட்டம் போட்டு, ராணி ஆனுக்குப் பின் உரிமையை எலிசபெத்தின் மகள் சோஃபிக்குக் கொடுத்தது. ஆமாம், அதே அத்தை. ஆனால் சோஃபிக்கு அண்ணன் கார்ல் லுட்விக், அவர் மகள் லீசலோட்டே என்பதால் வரிசையில் இவர் அத்தைக்கு முன்னால் வருகிறார். அதனால்தான் அந்தப் பேச்சு. இவருக்கும் முன்னால் ஒருத்தி இருந்தாள், டியூக்கின் முதல் மனைவி ஹென்றியட்டாவின் மகள் ஆன் மரி, அதாவது லீசலோட்டேயின் மூத்த தாரத்து மகள்! அவளும் கத்தோலிக்கர் என்பதால் ஒதுக்கப்பட்டாள். சோஃபி 1714 ஜூனில் இறந்தார், இரண்டே மாதத்துக்குள் ராணி ஆனும் போனார், சோஃபியின் மகன் முதலாம் ஜார்ஜ் என்ற பெயரில் ராஜா ஆனான். ஆனால் மதம் மாறாவிட்டால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது, வேறெங்கோ வாழ்ந்திருப்பார். அதனால் "ஆகியிருப்பார்" என்றெல்லாம் அடித்துச் சொல்ல முடியாது.

கடுகுமிளகாய்:
எல்லாரும் ரொம்பப் பாவம் பார்க்கிறீர்கள், அதனால் கொஞ்சம் மறுபக்கமும். அந்த அம்மாவின் வாய் சாதாரண வாய் இல்லை. மான்தனோன் சீமாட்டியைக் கிழவி, சாக்கடை என்கிற அளவுக்கு வருஷக்கணக்கில் திட்டி எழுதியவர். காரணம் மதமோ அரசியலோ மட்டுமில்லை, குலம்! நொடித்துப்போன சின்னப் பிரபு வீட்டில் பிறந்து விதவையான ஒரு பெண்ணை ராஜா ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டதை இவரால் ஜீரணிக்க முடியவில்லை. 1692-இல் மகன், ராஜாவுக்கு மோந்தஸ்பான் என்ற ஆசைநாயகி மூலம் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தபோது, அரண்மனையே பார்க்க அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவனுக்கு வயது 17, ராஜா கேட்டால் என்னதான் செய்வான்? அந்தப் பெண்ணின் தவறு தகாத உறவில் பிறந்தது மட்டும்தான்.

கடிதங்களைத் தபாலில் பிரித்துப் படிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தே படிப்பவர்களுக்கும் சேர்த்து நாலு வசை எழுதுவார். வினை 1701-இல் வந்தது. ஜூனில் டியூக் இறந்ததும், விதவையாகக் கன்னிமாடத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் மான்தனோனைச் சமாதானம் பேச வரவழைத்தார். ராஜாவுக்கு ஏன் என்மேல் கோபம் என்று அப்பாவிபோல் கேட்க, மான்தனோன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டி, இந்தக் கையெழுத்து யாருடையது என்றாராம். சோஃபிக்கு எழுதியது, ராஜாவுக்கும் மான்தனோனுக்கும் என்ன உறவு என்பது வரை அதில் இருந்தது. லீசலோட்டே அழுது மன்னிப்புக் கேட்டார் என்று அரண்மனை நினைவுக்குறிப்புகள் எழுதிய சான்-சிமோன் எழுதி வைத்திருக்கிறார். இந்த சான்-சிமோனுக்கும் யாரையும் பிடிக்காது, கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். எப்படியோ கன்னிமாடத்துக்குப் போகவில்லை, அரண்மனையிலேயே இருந்தார்.

ஏட்டுச்சுரைக்காய்:
வாய் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை, அந்த வாய்க்காகத்தான் 300 வருஷம் கழித்தும் அவரைப் படிக்கிறோம் 😄 காபி, தேநீர், சாக்லேட் மூன்றையும் வெர்சாயே கொண்டாடும்போது இவருக்கு வேண்டியது பியர் சூப்பும் புளித்த முட்டைக்கோஸும்தான்.

ஆனால் அறை விழுந்த மகன்தான் கடைசியில் நாட்டை ஆண்டான். 1715-இல் லூயி இறந்தபோது அரியணை ஏறியவன் ஐந்து வயதுப் பையன், அவனுக்குப் பதிலாக ஆட்சி நடத்தியது லீசலோட்டேயின் மகன். 1718-இல் அமெரிக்காவில் நிறுவிய நியூ ஆர்லியான்ஸ் அவன் பட்டத்தின் பெயரில்தான். மகள் லோரேன் டியூக்கைக் கட்டினாள், அந்த வழியில் மரி அந்துவானெத்துக்கு இவர் கொள்ளுப்பாட்டி. 1722 டிசம்பரில் சான்-குளூ மாளிகையில் இறந்தார். அதற்கு ஒரு வருஷம் கழித்து மகனும் போய்விட்டான்.

கோட்டைக்கிறுக்கு:
கடிதங்களைப் படிக்க வேண்டும் போலிருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

நிலா_மதுரை:
ஆங்கிலத்தில் தேர்ந்தெடுத்த தொகுப்புகள் உண்டு. பழைய பதிப்புகள் சிலவற்றில் காரமான இடங்களை வெட்டியிருப்பார்கள், அதனால் முடிந்தவரை புதிய மொழிபெயர்ப்பாகப் பாருங்கள். வரிசையாகப் படிக்க வேண்டாம், 1689 கடிதங்களை முதலில் எடுங்கள், அப்புறம் 1709 குளிர்காலம். அந்த வருஷம் பிரான்ஸே உறைந்துபோனது, வெளியே குளிரிலும் பஞ்சத்திலும் ஜனங்கள் சாவதை அரண்மனைக்குள்ளிருந்து ஒருவர் இப்படி எழுதி நான் வேறெங்கும் படிக்கவில்லை.