மோதிர விரல் முறிவு: பிளேட்டா, கம்பியா? எது வலு?

காவேரிப்பட்டணத்தான்:
எருது விடும் விழாவில் மாடு திரும்பியபோது தடுப்புக் கட்டையில் கை சிக்கி, என் தம்பிக்கு வலது கை மோதிர விரல் உடைந்துவிட்டது. விரல் முட்டியை ஒட்டி வரும் முதல் எலும்பு, குறுக்காக முறிந்து விலகியிருக்கிறது, தோல் கிழியவில்லை. கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர் இரண்டு கம்பி போதும் என்கிறார். ஓசூரில் கேட்டால் பிளேட் போட்டால்தான் உறுதி என்கிறார்கள். பெரியப்பா இது எதுவுமே வேண்டாம், புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று வண்டியே பேசிவிட்டார். தம்பி லேத் ஓட்டுகிறவன், கைப்பிடி முக்கியம். எதுங்க உண்மையிலேயே வலு?

ஓசூர் டூல்ரூம்:
நான் டாக்டர் இல்லை, மெக்கானிக்கல் ஆள். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. உருண்டைக் கம்பியின் வளைவு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1 மி.மீ. கம்பியை 1.5 ஆக்கினாலே ஐந்து மடங்கு விறைப்பு கூடும், ஆனால் விரல் எலும்புக்குள் அதற்கு மேல் தடிமனாக எங்கே போவது? அதோடு கே-வயர் எனும் இந்தக் கம்பி வழவழப்பானது, மரை கிடையாது, முறிந்த இரு முனைகளையும் சேர்த்து அழுத்தாது, வெறுமனே கோத்து நிற்கும். பிளேட்டும் ஸ்க்ரூவும் அழுத்திப் பிடிக்கும். உள்ளங்கை எலும்புகளை எடுத்து வளைத்தும் முறுக்கியும் பார்த்த பழைய சோதனைகளில் புறங்கைப் பக்கம் வைத்த பிளேட்தான் மேலே வந்தது, குறுக்குக் கம்பிகள் கீழே. லேத் ஓட்டுகிறவருக்கு எதற்கு அரைகுறை வேலை?

தருமபுரி எலும்பு:
ஆர்த்தோ பக்கத்திலிருந்து எழுதுகிறேன். டூல்ரூம் சொன்ன கணக்கு சரி, ஆனால் அந்தச் சோதனைகள் வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. இறந்தவர் எலும்பிலோ செயற்கை எலும்பிலோ, தோலும் தசைநாணும் இல்லாமல், உடையும் வரை பாரம் ஏற்றிப் பார்ப்பது அது. விரலுக்கு வரும் பாரம் என்ன? மடக்கும் தசைநாணில் நேரடியாக அளந்து பார்த்திருக்கிறார்கள். பிறர் விரலை மடக்கிவிட்டால் 10 நியூட்டனுக்கும் கீழே, எதையும் பிடிக்காமல் தானாக மடக்கினால் 35 வரை, விரல் நுனியால் கிள்ளிப் பிடித்தால் 120 வரை போகும். முதல் ஒரு மாதத்தில் தம்பி லேத் பிடிக்கப் போவதில்லை, வெறும் விரலை மடக்கி நீட்டத்தான் போகிறார். அந்த 35-ஐ ஆயிரக்கணக்கான தடவை தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஒரே தடவை இழுத்து எவ்வளவில் உடைகிறது என்பதல்ல.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உள்ளங்கை எலும்பு உடைந்தால் முறிவு புறங்கைப் பக்கம் கூம்பி நிற்கும், அதாவது இழுவிசை புறங்கைப் பக்கம் விழும். அங்கே பிளேட் வைத்தால் சரியான இடத்தில் வைத்ததாகிறது. விரலின் முதல் எலும்பில் அப்படியே தலைகீழ்: கூம்பு உள்ளங்கைப் பக்கம். பிளேட்டை அந்தப் பக்கம் வைக்க வழியில்லை, மடக்கும் தசைநாண்கள் அங்கேதான் ஓடுகின்றன. மேலேயோ பக்கவாட்டிலோதான் வைக்க வேண்டும். உள்ளங்கை எலும்பின் சோதனை முடிவை எடுத்து விரலுக்கு அப்படியே ஒட்டாதீர்கள்.

ஓசூர் டூல்ரூம்:
சரி, பக்கம் மாறுகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் சுழற்சி? இரண்டு கம்பிகளும் முறிவுக் கோட்டிலேயே குறுக்கிட்டால் முறுக்கு விசைக்கு அது பிடிமானமே இல்லை, அச்சு மாதிரி சுற்றும். உள்ளங்கை எலும்பு 5 டிகிரி சுழன்றாலே விரல் நுனி ஒன்றரை சென்டிமீட்டர் பக்கத்து விரல்மேல் ஏறும் என்று உங்கள் டாக்டர்கள்தானே எழுதி வைத்திருக்கிறார்கள்? கம்பியை நம்பி அசைக்கப் பயந்துகொண்டு மூன்று நான்கு வாரம் கட்டிலேயே வைப்பீர்கள், அப்புறம் விரல் விறைத்துவிட்டது என்பீர்கள். வலு இருந்தால் மறுநாளே அசைக்கலாம் அல்லவா?

தருமபுரி எலும்பு:
குறுக்கிடும் இடம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. முறிவுக் கோட்டில் குறுக்கிடக் கூடாது, இரு முனைகளையும் விலக்கிப் பிடித்தபடி கம்பி இறங்கவும் கூடாது. அது போடுகிறவர் கையைப் பொறுத்தது. 1909-ல் ஜெர்மன் டாக்டர் கிர்ஷ்னர் அறிமுகப்படுத்திய இந்தக் கம்பி (கே-வயரின் 'கே' அவர்தான்) இன்னும் ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கிறதென்றால் மலிவு மட்டும் காரணமல்ல, எலும்பைத் திறக்காமலே போடலாம் என்பதுதான். பிளேட்டுக்குத் திறக்க வேண்டும், நீட்டும் தசைநாணை விலக்க வேண்டும். நீங்கள் கேட்கும் வலுவுக்கு அந்த விலையும் உண்டு.

பாலக்கோடு பிசியோ:
நீங்கள் இருவரும் போட்டு முடித்த பிறகு என்னிடம்தான் வருகிறார்கள், அதனால் சொல்கிறேன். விரலின் முதல் எலும்பில் பிளேட் போட்டவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இது: விரலின் நடு மூட்டை என் கையால் நீட்டினால் நேராக வருகிறது, அவரையே நீட்டச் சொன்னால் பாதியில் தொங்கிவிடும். மூட்டில் கோளாறு இல்லை, மேலே ஓடும் தசைநாண் பிளேட்டோடும் தழும்போடும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் அது தட்டையாக, எலும்பை அணைத்தபடி ஓடுகிறது, நடுவில் கொழுப்போ தசையோ இல்லை. எக்ஸ்ரேயில் அழகாக இருக்கும் பிளேட்டை அப்புறம் கழற்றி, ஒட்டியதைப் பிரித்துவிட இன்னொரு ஆபரேஷன்.

கம்பிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். கம்பி போட்டுவிட்டு விரலை நேராக, முட்டியையும் நேராக வைத்து மாவுக்கட்டு போட்டு அனுப்புகிறார்கள். முட்டி 70 டிகிரியாவது மடங்கியிருக்க வேண்டும், விரல் மூட்டுகள் நேராக. இல்லாவிட்டால் மூட்டின் பக்கவாட்டு நார்கள் சுருங்கி, அதை மீட்க மாதக்கணக்கில் ஆகும். கம்பி நுனி தோலுக்கு வெளியே நிற்கும்போது மாட்டுக் கொட்டகை வேலை பார்த்துவிட்டுச் சீழோடு வருகிறவர்களும் உண்டு.

காவேரிப்பட்டணத்தான்:
அண்ணா, அப்போ புத்தூர்?

தருமபுரி எலும்பு:
விலகாத முறிவு என்றால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாலே கூடிவிடும், அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் தம்பிக்கு விலகியிருக்கிறது. வெளிக்கட்டு அதைப் பிடித்து நிறுத்தாது.

பர்கூர் வாசகன்:
எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே ஒரு ஸ்க்ரூ போடுகிறார்களே, தலையில்லாத ஸ்க்ரூ. அது கம்பிக்கும் பிளேட்டுக்கும் நடுவில் வராதா?

தருமபுரி எலும்பு:
வரும். குறுக்கு முறிவுக்குப் பொருத்தமானதுதான். தசைநாணுக்கு அடியில் எதுவும் துருத்தாது, வெளியிலும் எதுவும் நிற்காது, சீக்கிரம் அசைக்கலாம். எலும்பின் குறுகலான நடுப்பகுதியை ஸ்க்ரூ நன்றாக நிரப்பினால் வளைவைத் தாங்கும், லொடலொடவென்று இருந்தால் தாங்காது. பல சமயம் மூட்டுக் குருத்தெலும்பைத் துளைத்துத்தான் நுழைய வேண்டும், அது ஒரு சங்கடம். செலவும் கம்பியைவிடக் கூடும். தம்பிக்கு இஎஸ்ஐ இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள்.

ஓசூர் டூல்ரூம்:
விட்டம் நிரம்பினால் தாங்கும் என்பது நான் சொன்ன நான்காம் அடுக்குக் கணக்குதான், பார்த்தீர்களா! ஆனாலும் சொல்கிறேன், உள்ளங்கை எலும்பாக இருந்திருந்தால் பிளேட்டை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். அங்கே தசைநாணுக்கும் எலும்புக்கும் இடையில் கொஞ்சம் இடமாவது இருக்கிறது. விரலுக்கும் கம்பிதான் என்று நீங்கள் முடிப்பதை இன்னும் ஏற்கவில்லை. மூன்று துண்டாக நொறுங்கியிருந்தால் உங்கள் கம்பி என்ன செய்யும்?

தருமபுரி எலும்பு:
நொறுங்கியிருந்தால் நானே பிளேட் கேட்பேன். நீளச் சாய்வாக, எலும்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு உடைந்திருந்தால் பிளேட்டே இல்லாமல் இரண்டு மூன்று ஸ்க்ரூ போதும் என்பேன். இது ஒரே குறுக்குக் கோடு, தோல் கிழியவில்லை. இதற்குத் திறக்கச் சொல்ல மாட்டேன்.

பாலக்கோடு பிசியோ:
தம்பி, நாளை டாக்டரிடம் போகும்போது மூன்றே கேள்வி: கம்பி நடு மூட்டைக் கடக்குமா, கட்டில் முட்டி எவ்வளவு மடங்கியிருக்கும், எந்த நாளில் அசைக்க ஆரம்பிக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் கம்பியை எடுக்கும்போது எக்ஸ்ரேயில் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், விரல் எலும்பில் அது மாதக்கணக்கில் தெரியும். அமுக்கினால் வலிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
எழுதி வைத்துக்கொண்டேன். பெரியப்பா பேசிய வண்டியைக் கிருஷ்ணகிரிக்கே திருப்பச் சொல்லியாயிற்று.