ஒரு மூடியா, 10 மில்லியா? மேசைத் துணிச் சண்டை

1. செந்தூல்_கணக்கு
“சாப்பாட்டுக் கடைக்கு ஆள் வரணும்னா மஞ்ச வெளக்கு போடு, சுவத்துல பழைய படம் மாட்டு, மெதுவா பாட்டு விடு.” நேத்து இங்க ஒருத்தர் எழுதினது. அதுக்கு இத்தனை பேர் கைதட்டு வேற! சுவத்த யாரு தொடப்போறா? மேசையிலதான் கை வெக்கிறோம். முழங்கையை எடுத்தா பசக்குனு ஒட்டுது. தே தாரிக்ல (இழுத்து ஆத்துற தேத்தண்ணி) சிந்துன கெட்டிப்பாலும் குழம்பு எண்ணெயும் சேர்ந்து காஞ்ச படலம் அது. அதுமேல ஊசிப்போன துணியால ஒரு இழுப்பு இழுத்தா படலம் பரவும், போகாது. சாப்பிட வந்தவர் மூக்குல மொத ஏறுறது அந்தத் துணி வாடைதான், ரசம் இல்ல.

ரெண்டு துணி, ரெண்டு வாளி, நிறம் வேற வேற. மொதத் துணி வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரச் சோப்பும், எண்ணெயும் இனிப்பும் போக. ரெண்டாவது, 5 லிட்டர் பச்சைத் தண்ணிக்கு 10 மில்லி குளோரோக்ஸ் (குளோரின் வெளுப்பு மருந்து). துடைச்சுட்டு தானா காய விடணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தண்ணி மாத்தணும், கலங்கிட்டா அப்பவே. தயவுசெஞ்சு புட்டி மூடி கணக்குல ஊத்தாதீங்க.

2. ஜெலுத்தோங்_மாமா
பினாங்குல காலங்காலமா ஒரு மூடிதான். மேசையும் சுத்தமாத்தான் இருக்கு. நாசி கண்டார் சோத்துக் கடை வரிசையில நிக்கிறவன் கையில மில்லி அளக்கிற குழாயைக் குடுப்பீங்களா? கோலாலம்பூர்காரங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கணக்கு.

3. செந்தூல்_கணக்கு
மாமா, எந்தப் புட்டியோட மூடி? மூடிக்கு மூடி அளவு வேற. புட்டியில வீரியம் 5.25 விழுக்காடுன்னு போட்டிருந்தா, 5 லிட்டருக்கு 10 மில்லி ஊத்துனா 105 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 105 பங்கு) வரும். 20 மில்லின்னா 210. மேசைக்கு 100லேர்ந்து 200 போதும். 30 மில்லி புடிக்கிற மூடியால 2 லிட்டர் தண்ணியில ஊத்துங்க, 800 கிட்ட போயிடும். தோசையில நீச்சல் குளத்து வாடை எங்கேர்ந்து வருதுன்னு இப்பப் புரியுதா? அதே மூடியை 20 லிட்டர் வாளியில ஊத்துனா இருக்கிற அழுக்கே குளோரினைத் தின்னுடும். வெறும் தண்ணியால துடைச்ச மாதிரிதான்.

4. தமிழ்க்காவலன்
ஐயா, “குளோரோக்ஸ்” என்பது வணிகப் பெயர். வெளுப்புநீர் என்று எழுதலாமே. மேலும் துடைக்க வேண்டியது துவாலையால், துணியால் அன்று. இரண்டும் ஒன்றல்ல.

5. செந்தூல்_கணக்கு
துவாலையே போர்த்துகீசியர் விட்டுட்டுப் போன சொல்லு. நீங்க உக்காந்து சாப்பிடுற மேசையும் அப்படித்தான். மூடியைப் பத்தி ஏதாவது சொல்லுங்க.

6. தமிழ்க்காவலன்
மூடி தூய தமிழ்ச் சொல்.

7. ரசம்_பிரியை
வாளியை விட்டுட்டு கை கழுவுற இடத்துக்கு வாங்களேன். இலைச் சாப்பாட்டுக் கடையில வலது கை பூரா சாம்பார், இடது கையில பை, குழாயோ திருகுறது. முன்னாடி போனவர் தடவிட்டுப் போன குழம்பு அதுலயே காஞ்சிருக்கும். முழங்கையால தள்ளுற நீளப்பிடிக் குழாய் மாட்டுனா தீர்ந்துச்சு. அப்புறம் சோப்பு. ஒரு புட்டியில முக்கால் பங்கு தண்ணி ஊத்தி வெக்கிறாங்க. நுரை வராததுகூடப் பரவாயில்லை, சோப்பு கெடாம இருக்கப் போட்ட மருந்தும் நீர்த்துப் போகுது. நாள்பட்டா அதுலயே கிருமி வளரும். சிக்கனம் பண்ணணும்னா நுரை பம்ப் புட்டி வாங்குங்க, அதுக்குன்னு விக்கிற நுரை சோப்பையே ஊத்துங்க. ஆனா அதையும் மேல மேல நிரப்பாம, காலியானதும் கழுவிக் காயவெச்சு நிரப்பணும்.

8. செந்தூல்_கணக்கு
அக்கா சொல்றது சரி. ஆனா மூடி விஷயம் இன்னும் முடியல. மாமா பதிலே காணோம். போன மாசம் தேத்தண்ணி நுரைச் சண்டையிலயும் இதே மாதிரிதான் நடுவுல மறைஞ்சாரு.

9. ஜெலுத்தோங்_மாமா
மறையல தம்பி, தொழுவப் போயிருந்தேன். நுரைச் சண்டையில யாரு ஓடுனதுன்னு ஊருக்கே தெரியும். சரி, உங்க 10 மில்லியைப் புட்டியிலேர்ந்து எப்படி அளப்பீங்க? கடைப் பையனுக்கு “ஒரு மூடி” புரியும், “10 மில்லி” புரியாது. அவனால செய்ய முடியாத சட்டம் எதுக்கு?

10. பில்_பார்த்தவன்
துணிகூடப் பொறுத்துக்கலாம். பில்லுல 10 விழுக்காடு சேவைக் கட்டணம் போட்டு “கவர்மெண்ட் வரி”ங்கிறானுங்க. அதான் வயித்தெரிச்சல். சேவைக் கட்டணம் வரி கிடையாது. வரி 6 விழுக்காடு, அதுவும் ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுற கடைக்குத்தான். 2024 மார்ச்ல பல சேவைக்கு 8 ஆச்சு, சாப்பாட்டுக் கடைக்கு 6லயே இருக்கு. ரெண்டையும் பில்லுல தனித்தனி லைனா அடிச்சுக் குடுத்தா பாதிச் சண்டை கல்லாவுல வராது.

11. செந்தூல்_கணக்கு
வரிக்கு வேற இழை திறங்க. மாமா, கேட்டுக்குங்க. இருமல் மருந்தோட வர்ற சின்ன அளவுக் குவளை, 5, 10, 15ன்னு கோடு போட்டிருக்கும். அதைக் கழுவி, 10ல சிவப்புப் பேனாவால கோடு இழுத்து, வாளிப் பிடியில கயிறு கட்டித் தொங்கவிடுங்க. வாளிக்குள்ள 5 லிட்டர் மட்டத்துல ஒரு கோடு. பையனுக்கு மில்லி தெரிய வேணாம், ரெண்டு கோடு தெரிஞ்சாப் போதும். சந்தேகம்னா குளோரின் பார்க்கிற காகிதப் பட்டை விக்கிது, முக்கி எடுத்தா ஊதாவாகும், டப்பாவுல இருக்கிற நிறத்தோட ஒத்துப் பாருங்க.

இன்னும் மூணு. சுடுதண்ணியில கலக்காதீங்க, வீரியம் போயிடும். புட்டியை அடுப்புப் பக்கம் வெச்சா உள்ள இருக்கிறதும் வீரியம் குறைஞ்சிடும், அப்ப 10 மில்லியும் 10 மில்லியா இருக்காது. எலுமிச்சை, வினிகர், கக்கூஸ் கழுவுற ஆசிட், எதுவும் அந்த வாளியில படக்கூடாது. விஷவாயு வரும், வெளையாட்டு இல்ல.

12. ஜெலுத்தோங்_மாமா
அப்ப 10 மில்லியும் 10 மில்லியா இருக்காதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதான் நான் ஒரு மூடிங்கிறேன்.

13. செந்தூல்_கணக்கு
அய்யய்யோ. வீரியம் போனா புதுப் புட்டி வாங்குங்க, மூடியால ஊத்தச் சொல்லல!

14. ரசம்_பிரியை
எப்படியும் இலை போட்டுத்தானே பரிமாறுறாங்க, மேசை மேல சோறு படப்போறதில்லையே. அந்த இலையைக் கழுவுனதும் ஈரம் போகத் துடைச்சுப் போட்டாலே பாதிப் பேருக்குத் திருப்தி. ஈர இலையில ரசம் மடியில வந்து நிக்குது. நுனி இடது பக்கம் வரணும்ங்கிறதையும் மறந்துட்டாங்க.

15. செந்தூல்_கணக்கு
அக்கா, அந்த இலையை எதால துடைக்கிறாங்கன்னு போய்ப் பாருங்க. மேசை துடைச்ச அதே துணி.

16. ரசம்_பிரியை
இனிமே எங்க போய்ச் சாப்பிடுறது? நல்லா இருங்க.

17. தமிழ்க்காவலன்
“கக்கூஸ்” டச்சுச் சொல். கழிப்பறை என எழுதுக.

18. புது_வரவு
வணக்கம். எங்க பக்கத்துல குளோரினுக்குப் பதிலா குவாட்னு ஒரு கிருமிநாசினி மருந்து விக்கிறாங்க, வாடை இல்லைங்கிறாங்க. எத்தனை மூடி ஊத்தணும்?

19. ஜெலுத்தோங்_மாமா
ஒரு மூடி தம்பி.

20. செந்தூல்_கணக்கு
மாமா!!! தம்பி, அவர் பேச்சைக் கேக்காதீங்க. டப்பாவுல போட்டிருக்கிற அளவு என்னவோ அதுதான். பருத்தித் துணியை அதுல ஊறப்போட்டா மருந்து துணியிலயே ஒட்டிக்கும், மேசைக்கு வராது. அதுக்குன்னு விக்கிற செயற்கை இழைத் துணி வாங்குங்க, இல்ல மேசையிலயே தெளிச்சுத் துடைங்க. மூடி எத்தனை மில்லி புடிக்கும்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

21. புது_வரவு
மூடி தொலைஞ்சிருச்சுங்க. பிளாஸ்டிக் பைதான் கட்டி வெச்சிருக்கோம்.