சிட்டையில் கையால் எழுதிய 720 ரூபாய்

குழு: நம்ம குடும்பம், திருகோணமலை
2024 ஜனவரி 7, ஞாயிறு

நான்: எல்லோருக்கும் வணக்கம். பெரியண்ணா, இதை முக்கியமாக நீங்கள் பாருங்கள். நேற்றுப் பின்னேரம் டவுனில் ஒரு கடையில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சவர்க்காரம், பற்பசை, சலவைத்தூள் என்று ஆறு சாமான் வாங்கினேன். கூட்டினால் சரியாக 4,000. அதற்குக் கீழே நீலப் பேனையால் வற், அதுதான் பெறுமதிசேர் வரி, 18% என்று எழுதி 720 ரூபாய் சேர்த்து 4,720 வாங்கிவிட்டார்கள். பின்னால் ஆட்கள் நின்றபடியால் ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சவர்க்காரத்தின் உறையைத் திருப்பிப் பார்த்தால் அதிலேயே விலை அடித்திருக்கிறது. 4,000 கணக்கில் அந்த விலையைத்தான் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இந்த 720 எதற்கு?

பெரியண்ணா: சிட்டையைப் படம் எடுத்துப் போடு.

நான்: (படம்)

பெரியண்ணா: பார்த்தேன். மேலே ரப்பர் முத்திரை, திகதி, சாமான் ஆறு வரி, அதற்குக் கீழே கையெழுத்தில் வற். வற் இலக்கம் எங்கேயும் இல்லை. வற்றுக்குப் பதிவு செய்த கடை என்றால் ஒன்பது இலக்கம், ஒரு கோடு, பிறகு 7000 என்று முடிகிற இலக்கம் ஒன்று இருக்கும். அது இல்லாத கடை வற் என்று சொல்லி ஒரு சதமும் வாங்க முடியாது. பதிவு செய்த கடையாக இருந்தாலும் உறையில் அடித்த விலைக்கு மேலே வாங்கக் கூடாது, ஏனென்றால் அந்த விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. நீ ஒரே சவர்க்காரத்துக்கு இரண்டு தரம் வரி கட்டியிருக்கிறாய்.

தங்கச்சி: அநியாயம் அக்கா! 720 ரூபாய்க்கு எத்தனை கொப்பி வாங்கலாம்.

மாமி: தம்பி, எந்தக் கடை பதிய வேண்டும், எது தேவையில்லை? அன்புவழிபுரத்தில் என்னுடைய இந்தச் சின்னக் கடைக்கும் பதிய வேண்டுமா? முதலாம் திகதி வற் 18 ஆனதில் இருந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், இரவில் நித்திரை வருவதில்லை.

பெரியண்ணா: இல்லை மாமி, பயப்படாதீர்கள். வருஷ விற்பனை 6 கோடியைத் தாண்டினால்தான் பதிய வேண்டும். போன மாதம் வரைக்கும் அது 8 கோடி, இந்த ஜனவரியில் இருந்துதான் 6. நாள் கணக்கில் பார்த்தால் தினமும் சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேலே விற்க வேண்டும்.

மாமி: ஒரு நாளைக்கு 15,000 விற்றால் அன்றைக்கு நல்ல நாள் எனக்கு. ஆனால் தம்பி, வான்காரர் கொண்டுவந்து தருகிற விலை ஏறித்தானே வருகிறது. நான் ஏற்றாமல் எப்படி விற்பது? சனம் என்னைத்தான் பேசுகிறது. நேற்று ஒரு பிள்ளை ஷாம்பூ பக்கெட்டைக் கையில் எடுத்து விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறது. பத்து வயதுகூட இருக்காது. எனக்கு மனசு கேட்கவில்லை, கூப்பிட்டுக் கொடுத்தேன். எல்லோருக்கும் அப்படிக் கொடுக்க முடியுமா?

பெரியண்ணா: உங்கள் மாதிரிக் கடைகளுக்குத்தான் இதில் மறைந்த அடி விழுகிறது. பெரிய கடை, தான் வாங்கும்போது கட்டின வற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் அரசுக்குக் கட்டும். நீங்கள் பதியாதபடியால் கழிக்க வழியில்லை, வாங்கும்போது கட்டினது அப்படியே உங்கள் அடக்க விலையில் ஏறி உட்கார்ந்துவிடும். ஆனபடியால் நீங்கள் விலையை ஏற்றுவது தவறில்லை மாமி, அதற்குமேல் தனியாக வற் என்று சிட்டையில் எழுதினால்தான் தவறு. ஆனால் எவ்வளவு ஏற்றுகிறோம் என்று கவனியுங்கள். 15 வீதம் இருந்த பொருளுக்கு 18 வீதம் என்றால் 115 ரூபாய்ச் சாமான் 118 ரூபாய் ஆக வேண்டும், மூன்று ரூபாய்தான் வித்தியாசம். டவுனில் பல இடத்தில் 135 வாங்குகிறார்கள். ஏதோ 18 வீதமும் புதிதாக வந்தது போல.

நான்: அப்போ சமையல் காஸ் சிலிண்டர்? அது ஒரேயடியாக 600 ரூபாய்க்கு மேல் கூடி நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. அது மூன்று வீதம் இல்லையே.

பெரியண்ணா: காஸும் பெற்றோலும் டீசலும் வேறு கணக்கு. அதற்கெல்லாம் முன்பு வற்றே இல்லை. இந்த முதலாம் திகதியில் இருந்துதான் விலக்கை எடுத்துவிட்டு 18ஐப் போட்டார்கள். எரிபொருளில் இருந்த 7.5 வீதத் துறைமுக வரியை எடுத்தபடியால் ஏற்றம் முழுதாகத் தெரியவில்லை, ஆனாலும் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 346இல் இருந்து 366 ஆகிவிட்டது.

நான்: அது எங்கள் வீட்டுக் கதை. வீட்டுக்காரர் ஓட்டோவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் அடிக்கிறார், 20 ரூபாய்ப்படி 100 ரூபாய். இருபத்தைந்து நாள் ஓடினால் மாதம் 2,500 போய்விடும். பாலையூற்றில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டால் பஸ்ஸில் போகிறோம் என்கிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. காஸை ஒதுக்கிவைத்துவிட்டு நான் இந்தக் கிழமை முழுக்க விறகில்தான் சோறு வைத்தேன். மழை ஈரத்தில் விறகு புகைந்து சின்னவனுக்கு இருமல்.

சித்தப்பா: பிள்ளை, எங்களுக்கு மண்ணெண்ணெய் 11 ரூபாய் குறைத்திருக்கிறார்களாம், லீற்றர் 236. திருக்கடலூரில் எங்கள் பைபர் படகெல்லாம் மண்ணெண்ணெயில்தானே ஓடுகிறது. நல்ல செய்திதான், ஆனால் வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிறது, இறங்கவே முடியவில்லை. பத்து நாளாகப் படகு கரையில் கிடக்கிறது. கொட்பேத் துறைமுகத்தில் இருந்து போகிற பெரிய படகுகளுக்கு டீசல், லீற்றருக்கு 29 ரூபாய் கூடி 358. ஐஸ் ஏற்றுகிற லொறிக்கும் டீசல், மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற லொறிக்கும் டீசல். வியாபாரி அந்தக் கூடின காசைத் தன் கையில் இருந்து போடுவாரா? எங்களுக்குத் தருகிற மீன் விலையில்தான் பிடிப்பார்.

தங்கச்சி: மரக்கறிக்கு வற் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள், கரட் கிலோ ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. அதுவும் டீசலாலா?

பெரியண்ணா: கரட்டுக்கு முதல் காரணம் மலைநாட்டு மழை, தோட்டமெல்லாம் அழிந்துவிட்டது. அதையும் வற்றில் போட்டால் உண்மையான கணக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் தம்புள்ளையில் இருந்து வருகிற லொறியின் டீசலில் வற் இருக்கிறதே, அந்த வழியாகக் கொஞ்சம் மரக்கறிக்குள்ளும் வரும். அரிசி, பாண், மரக்கறி, மருந்துக்கு நேரே வற் இல்லை. சீனிக்கு வற் இல்லை, அதற்குப் பதிலாக விசேட பண்ட வரி இருக்கிறது. அது கிலோவுக்கு 25 சதமாக இருந்தது, போன நவம்பரில் 50 ரூபாய் ஆக்கிவிட்டார்கள்.

மாமி: அதுதான் சனம் இப்போது கால் கிலோ, நூறு கிராம் என்று சீனி கேட்கிறது. கடன் கொப்பியில் நூறு கிராம் சீனி என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தங்கச்சி: நான் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபிக்காதீர்கள். 2019 டிசம்பரில் வற்றை 15இல் இருந்து 8க்குக் குறைத்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகு அரசிடம் காசில்லாமல் போய் 2022இல் நாங்கள் பட்ட பாடு, காஸ் வரிசையில் இரவிரவாக நின்றது, ஞாபகம்தானே. சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டதே வரியைக் கூட்டுவோம் என்று சொன்னபடியால்தான். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்க எங்கேயாவது இருந்து காசு வரத்தான் வேண்டும்.

சித்தப்பா: காசு வேண்டும், சரி. யாரிடம் இருந்து பிள்ளை? உனக்கு இந்த மாதம் அரசாங்கச் சம்பளத்தோடு 5,000 கூட வரும். உன்னுடைய உழைப்பு, வரட்டும், சந்தோஷம். எனக்கு அரசு தருகிற அஸ்வெசும உதவிக் காசு மாதம் 5,000, முழு வீட்டுக்கும் அவ்வளவுதான். ஒரு காஸ் எடுத்தால் ஆயிரம் ரூபாய்கூட மிஞ்சாது. உறைக்குள்ளே இருக்கிற வரி நான் கடலுக்குப் போனேனா இல்லையா என்று கேட்கிறதா?

பெரியண்ணா: சித்தப்பா சொல்வதுதான் சரி. மாதம் ஒரு லட்சத்துக்குக் கீழே உழைக்கிறவரிடம் வருமான வரி கேட்பதில்லை. வற் அப்படி யாரையும் விடாது. பெரிய பங்களாக்காரரும் சித்தப்பாவும் அதே சவர்க்காரத்துக்கு அதே வரி கட்டுகிறார்கள், ஆனால் சித்தப்பா வருகிற காசு முழுவதையும் கடையில்தான் செலவழிக்கிறார், பங்களாக்காரர் மிச்சம் பிடிக்கிறார். 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, இப்போது 18. ஒன்றரை வருஷத்தில் 8இல் இருந்து இங்கே வந்துவிட்டோம். வரியை ஏற்றினாலும் காஸை மட்டுமாவது விட்டிருக்க வேண்டும், இது என்னுடைய உறுதியான எண்ணம்.

தங்கச்சி: காஸில் நானும் உங்கள் பக்கம்தான் அண்ணா. சித்தப்பா, நான் உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை.

சித்தப்பா: தெரியும் பிள்ளை. காற்று இறங்கட்டும், முதல் மீன் உன் வீட்டுக்கு.

பெரியண்ணா: 720 கொடுத்தவளே, அந்தச் சிட்டையை எறிந்துவிடாதே. நாளைக்குப் போய் வற் இலக்கத்தை மட்டும் கேள், சண்டை வேண்டாம். தராவிட்டால் 1977க்குக் கோல் எடு, அது நுகர்வோர் அதிகார சபை.

2024 ஜனவரி 8, திங்கள்

நான்: போய்விட்டு வந்தேன். கையெல்லாம் நடுங்கியது, ஆனாலும் கேட்டேன். முதலாளி சிட்டையை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். சாமான் போடுகிறவர்கள் எல்லோரும் 18 வீதம் சேர்க்கச் சொன்னார்கள், அதனால்தான் சேர்த்தோம் என்றார். இலக்கம் இருக்கிறதா என்று திரும்பக் கேட்டேன். பேசாமல் லாச்சியைத் திறந்து 720 ரூபாயை எண்ணி வைத்தார். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் தன் பைக்குள் கையை விட்டு ஒரு சிட்டையை எடுத்து, மகள் இதிலும் அப்படி எழுதியிருக்கிறதா பார் என்றார். எழுதியிருந்தது. 90 ரூபாய்.

தங்கச்சி: கொடுத்தார்களா அக்கா?

நான்: கொடுத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

மாமி: பிள்ளை, நாளைக்கு அந்தச் சிட்டையை ஒருக்கா என் கடைக்குக் கொண்டு வா. வருகிற ஆட்களுக்கு நான் காட்ட வேண்டும்.