வீட்டில் டயாலிசிஸ் செய்பவருக்கு யோசனை தடுமாறுவது: உங்களுக்கு முதலில் எங்கே தெரிந்தது?

மகள்:

அப்பாவுக்கு வயிற்று டயாலிசிஸ். அதாவது பையிலிருக்கும் டயாலிசிஸ் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் ஏற்றி, சில மணி நேரம் கழித்து இறக்கிவிட்டுப் புதுசு ஏற்றுவது. நாளுக்கு நாலு பை, ஒவ்வொன்றும் 2 லிட்டர். பயிற்சி முடிந்ததிலிருந்து அவரேதான் போட்டுக்கொள்வார். யாராவது பக்கத்தில் போனால் "மாஸ்க் எங்கே?" என்று அதட்டுவார். பேச்சில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. யார் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். அதனாலேயே உறவுக்காரர்கள் யாரும் நான் சொல்வதை நம்பவில்லை.

காட்டிக்கொடுத்தது அவருடைய நோட்டு. உள்ளே போனது, வெளியே வந்தது, எடை, பிபி என்று கோடு போட்டு எழுதுவார். ஒரு மதியம், வயிற்றிலிருந்து தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்த அளவு எழுதியாகிவிட்டிருந்தது. முன்பக்கங்களைப் புரட்டினால் வரிசையாக அதே எண். கொஞ்ச நாளில், பழைய தண்ணீரை இறக்காமலே புதுப் பையை ஏற்றிவிட்டார். வயிறு இறுகி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். கிளாம்பைத் திறந்து இறக்கியபிறகுதான் பேச முடிந்தது. "வரிசை மாறிப்போச்சும்மா" என்றார்.

ஞாபகம், கவனம், யோசனை எல்லாம் பார்க்கும் மோக்கா என்ற சோதனை வைத்தார்கள், மொத்தம் 30 மதிப்பெண். முதலில் சொன்ன ஐந்து சொற்களில் நாலைக் கடைசியில் சரியாகச் சொன்னார். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னபோதுதான் ஒரு முள்ளை 11-லும் இன்னொன்றை, 2-ல் வைப்பதற்குப் பதில், 10-லும் வைத்தார். சிறுநீரக நோயில் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் அடிபடுகின்றன, அதனால் ஞாபகத்துக்கு முன்பே கவனமும் வேகமும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் திறனும் பலருக்குக் குறையும் என்று டாக்டர் விளக்கினார். பெயரும் தேதியும் கேட்டுப் பார்த்து "நல்லாத்தான் இருக்கார்" என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? உங்கள் வீடுகளில் எப்படி?

மனைவி:

இவருக்கு மெல்ல வரவில்லை, சட்டென்று வந்தது. கால் எரிச்சலுக்கு வேறொரு இடத்தில் கபாபென்டின் எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஒரே தூக்கம், கை கால் வெட்டிவெட்டி இழுத்தது, கையில் வைத்திருந்த மூடியையே தேடினார். அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டுமாம். டயாலிசிஸ் டாக்டர் அளவைக் குறைத்ததும் பழைய மனிதராகிவிட்டார். சில நாட்களுக்குள் ஒருவர் மாறிப்போனால் வயதாகிவிட்டது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

டயாலிசிஸ் நர்ஸ்:

மேலே அக்கா சொன்னதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருந்தோடு சோடியம், ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடியதை முதலில் தேட வேண்டும். தொற்றும் சிலருக்குக் குழப்பமாகத்தான் தலைகாட்டும். வெளியே வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் காய்ச்சலுக்காகக் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள், பையையும் கையோடு கொண்டுவாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று. குளுக்கோஸுக்குப் பதில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் கலந்த டயாலிசிஸ் பை போடுகிறவர்களின் ரத்தத்தில் மால்டோஸ் என்ற வேறுவகைச் சர்க்கரை சேரும். சில குளுக்கோமீட்டர்கள் அதையும் சர்க்கரையாகக் கணக்கிட்டு அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உண்மையான சர்க்கரை தாழ்ந்துபோகும். உளறல், வியர்வை, மயக்கம், ஆனால் மீட்டரில் நல்ல எண்! உங்கள் மீட்டர் இந்தப் பைக்கு ஏற்றதா என்று இன்றே கேளுங்கள்.

வீட்டுக்குப் போனால் நான் கேள்வி கேட்பதே இல்லை. "கை கழுவுனீங்களா?" என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். பழைய தண்ணீரை இறக்கிப் புதுசு ஏற்றும் எக்ஸ்சேஞ்ச் முழுவதையும் ஓரமாக நின்று பார்ப்பேன். இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று தேடுகிற அந்தச் சில நொடிகள்தான் எனக்குப் பயம். கிருமி உள்ளே போகும் இடம் அது.

நோயாளி:

நான் வீட்டில் ரத்த டயாலிசிஸ் செய்கிறேன். உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். செய்ய வேண்டியது எல்லாம் தெரியும். ஆனால் அடுத்தது எது என்று வராது. யாராவது பக்கத்தில் பேசினால் மொத்தமும் கலைந்துவிடும். டயாலிசிஸ் முடிந்த சில மணி நேரம் இன்னும் மோசம், அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்கமாட்டேன். ஞாபகச் சோதனையையும் டயாலிசிஸ் இல்லாத நாளில் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அட்டைக்கு ஒரு வேலை என்று எழுதி, முடிந்ததைக் கவிழ்த்து வைக்கிறேன். டிவி, போன் எல்லாம் ஆஃப். ஊசி போடுவதும் அலாரம் வந்தால் பார்ப்பதும் இப்போது மனைவி. மற்றதை நானே செய்கிறேன். உங்கள் அப்பாவிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதீர்கள் தங்கச்சி. அந்த நோட்டையாவது அவர் கையில் விடுங்கள்.

மகள்:

எல்லாருக்கும் நன்றி. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்திருக்கிறது, ஊசி தொடங்கியிருக்கிறார்கள். ஐயா சொன்னது மனதில் தைத்தது. நோட்டு அப்பாவிடமேதான் இருக்கிறது. அளவை அவர் படித்து எழுதுவார், நான் தராசைப் பார்த்துத் தலையாட்டுவேன். பையை இணைப்பது மட்டும் நான்.

இரவு முழுவதும் தண்ணீரைத் தானே ஏற்றி இறக்கும் மெஷினுக்கு மாற்றலாம் என்கிறார் டாக்டர். தூங்கும் முன் ஒரு தடவை இணைத்து, காலையில் கழற்றினால் போதும், நான் வேலைக்குப் போகவும் வசதி. ஆனால் அப்பா நடுராத்திரியில் எழுந்தால் எங்கே இருக்கிறோம் என்றே சில நேரம் தெரியாமல் நிற்கிறார். குழாய் மாட்டியிருப்பது மறந்து எழுந்து நடந்துவிட்டால்? இப்படிப்பட்டவருக்கு மெஷின் வைத்துச் சமாளிக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். குழாயை எப்படிப் பாதுகாக்கிறீர்கள், அதே அறையில் யாராவது படுக்கிறீர்களா?