பாடுபவருக்குத் துணையாக ஸ்டீல் கிட்டார்: எங்கே வாசிப்பது, எங்கே விடுவது?

கேள்வி (அஸ்தம்பட்டி)
வணக்கம். என் அக்கா மெல்லிசை பாடுவார். சுருதி ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். நண்பர் ஒருவர் கீபோர்டு. நான் மடியில் வைத்து வாசிக்கும் ஆறு தந்தி ஸ்டீல் கிட்டாரை தடித்த தந்தியிலிருந்து ஏ, சி ஷார்ப், ஈ, ஏ, சி ஷார்ப், ஈ என்று சுருதி சேர்த்து வாசிக்கிறேன். தனியாக வாசித்தால் மெட்டு அழகாக வருகிறது. அக்கா பாடத் தொடங்கியதும் இருவரும் மோதிக்கொள்கிறோம். தந்திகள் மேஜர் கார்டாகவே (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) சேர்ந்திருப்பதால், சோகச் சாயலுள்ள மைனர் கார்டு வந்தால் கை நின்றுவிடுகிறது. சொல்லித்தர அருகில் யாரும் கிடைக்கவில்லை.

பதில் (ஏற்காடு)
தம்பி, மோதத்தான் செய்யும். உங்கள் மேல் தந்திகளும் பெண் குரலும் ஒரே உயரத்தில் ஒலிப்பவை. இரண்டும் இழுத்துக் குழைபவை. அக்கா சொல்லைப் பாடும்போது மெட்டை வாசிக்கவே வாசிக்காதீர்கள். கீழ்த் தந்திகளில் இரண்டு சுரம், மெதுவாக, போதும். அவர் மூச்சு வாங்கும் இடம்தான் உங்களுடையது. அதற்குப் பாட்டின் வரிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். வரி எங்கே முடிகிறது என்று அறியாமல் நுழைவது, பேசுகிறவர் வாயைப் பொத்துவது போன்றது. நான் இங்கே தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கும்போது பாட்டுப் புத்தகத்தை முன்னால் விரித்து வைத்துக்கொள்வேன். நொட்டேஷனைவிட வரிகள்தான் எனக்கு வழிகாட்டி.

மைனருக்கு வழி இருக்கிறது. ஐந்தரைக் கட்டையின் மேஜர் கார்டு உங்களுக்கு 11ஆம் கட்டில் (ஃபிரெட், கழுத்தின் குறுக்குக் கோடு) கிடைக்கும். அதன் மைனர் வேண்டுமென்றால் மூன்று கட்டு மேலேறி 14இல், தந்திகள்மேல் நகர்த்தும் இரும்புக் கட்டையை வைத்து, மெல்லிய தந்தியிலிருந்து எண்ணி இரண்டாம், மூன்றாம் தந்திகளை மட்டும் மீட்டுங்கள். 2ஆம் கட்டிலும் அதே சுரங்கள், ஒரு ஸ்தாயி கீழே. ஆதார சுரத்தைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. இரும்புக் கட்டை, கட்டுக்கோட்டின் நேர் மேலே நிற்க வேண்டும். சாதாரணக் கிட்டாரில் விரல் வைப்பது போலக் கோட்டுக்குப் பின்னால் அல்ல. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும். சுரத்தில் வந்து நின்ற பிறகே அசைவு கொடுங்கள். வந்து சேருமுன் நடுங்கினால் சுருதி தப்பியதை மறைப்பதாகவே கேட்கும், பாடுகிறவருக்கும் பிடி நழுவும்.

பதில் (சூரமங்கலம்)
ஏற்காட்டு ஐயா சொன்னதோடு, கோட்டுவாத்தியம் கேளுங்கள். தந்திமேல் கட்டையை நகர்த்திப் பாட்டை வாசிப்பது நம் ஊரிலும் உண்டு. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள். ஹவாயிலிருந்து வந்த கிட்டாரில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்த பிரிஜ் பூஷன் காப்ராவையும் கேட்கலாம். இருவரிடமும் கவனிக்க வேண்டியது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை. வேகத்தை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி, ஐயா. நேற்று வரிகளுக்கு நடுவில் மட்டும் வாசித்தேன். அக்கா முதல்முறையாகத் திரும்பிப் பார்க்காமல் பாடினார். அடுத்த மாதம் ஏற்காட்டில் ஒரு திருமணத்தில் பாடுகிறோம். மேலே வந்தால் சுருதி மாறுமா?

பதில் (ஏற்காடு)
மாறும். சேலத்து வெயிலில் சேர்த்த தந்தி, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குளிருக்கு வந்ததும் இறுகிச் சுருதி கூடும். வந்தவுடன் சேர்க்காதீர்கள். பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, அக்காவைப் பாடச் சொல்லி, அவர் குரலோடு சேருங்கள்.