எக்ஸ்பி கணினி விண்டோஸ் சின்னத்தைத் தாண்டவில்லை – அவசர உதவி தேவை

அச்சுக்கூடம்:
எங்கள் அச்சகத்தின் விண்டோஸ் எக்ஸ்பி கணினி இன்று காலை முதல் திறக்கவில்லை. விண்டோஸ் சின்னம் வருகிறது. உடனே பிழை காட்டும் நீலத்திரை கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைய, கணினி தானாகவே மறுபடியும் தொடங்குகிறது. முகூர்த்த மாதம் என்பதால் திருமணப் பத்திரிகை வேலைகள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. தெரிந்தவர்கள் உடனே வழி கூறவும்.

வன்தட்டு:
நீலத்திரையில் உள்ள எண் தெரியாமல் எதுவும் கூற இயலாது. தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தி, தானாக மறுதொடக்கம் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுத்தால் திரை அப்படியே நிற்கும்; அந்த எண்ணை எழுதுங்கள். நேற்று எதையேனும் மாற்றினீர்களா?

பழையபெட்டி:
இதற்கு எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. எக்ஸ்பி சிடியைப் போட்டு, பழுது நீக்கும் ரெக்கவரி கன்சோலுக்குள் சென்று, டிஸ்கின் தொடக்கப் பகுதியைச் சீராக்கும் பிக்ஸ்எம்பிஆர், பிக்ஸ்பூட் கட்டளைகள் இரண்டையும் ஓட்டுங்கள் தம்பி. வேலை முடிந்தது.

ராம்பிரியன்:
பத்தில் எட்டுக் கணினிகளுக்கு நினைவகமான ராம்தான் நோய். கழற்றி, பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டிப் பாருங்கள்.

அச்சுக்கூடம்:
ராமைத் தேய்த்தாயிற்று, பலனில்லை. எண் 7பி என்று முடிகிறது. சிடியைப் போட்டால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது.

ராம்பிரியன்:
அப்படியானால் டிஸ்க் போய்விட்டது. புதிது வாங்குங்கள்.

வன்தட்டு:
பொறுங்கள். விண்டோஸ் சின்னம் தெரிகிறது என்றால், அதற்கு முன் எம்பிஆர், என்டிஎல்டிஆர், பூட்.இனி ஆகிய தொடக்க நிரல்களும் கோப்புகளும் அந்த டிஸ்கிலிருந்தே படிக்கப்பட்டுத் தம் வேலையை முடித்துவிட்டன என்று பொருள். ஆகவே டிஸ்க் சாகவில்லை, பிக்ஸ்எம்பிஆருக்கும் இங்கே வேலையில்லை. அதுவரை மதர்போர்டிலேயே உள்ள தொடக்க நிரலான பயாஸின் துணையோடு டிஸ்க்கைப் படித்த விண்டோஸ், அதன் பிறகு வன்பொருளை இயக்கும் தன் சொந்த நிரலான டிரைவரைக் கொண்டு படிக்க வேண்டும். அது முடியாதபோதுதான் பெரும்பாலும் 7பி வருகிறது. பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? அங்கே என்ன தேதி காட்டுகிறது?

பெங்குவின்நேசன்:
2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிய ஒன்றை இன்னமும் ஏன் கட்டி அழுகிறீர்கள்? லினக்ஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எழுத்துக்கோப்பு:
அச்சகங்களின் நிலை தெரியாமல் பேசுகிறீர்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், இன்றைய பொது எழுத்துக் குறியாக்கமான யூனிகோடை ஏற்காது; பழைய கோப்புகள் எல்லாம் டாம், டாப் போன்ற பழைய தமிழ்க் குறியாக்க எழுத்துருக்களில் உள்ளன. மாற்றி எடுத்தாலும் ஒவ்வொரு வரியையும் திருத்திப் படிக்க வேண்டும். இணையத்தில் இணைக்காமல் வைத்திருந்தால் எக்ஸ்பியால் யாருக்கு என்ன கேடு?

பெங்குவின்நேசன்:
பென்டிரைவ் வழியாக வைரஸ் வராதா? வாடிக்கையாளர்கள் கொண்டுவருவதெல்லாம் அதில்தானே.

அச்சுக்கூடம்:
டிஸ்க்கின் பெயர் தெரிகிறது. தேதி 2008 ஜனவரி 1 என்று இருக்கிறது. நாங்கள் சுவர் சுவிட்சை அணைப்பதே இல்லை. நேற்று மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் இல்லை.

வன்தட்டு:
முதலிலேயே கூறியிருக்க வேண்டிய செய்தி இது. மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. சுவரிலிருந்து வந்த மின்சாரமே இதுவரை பயாஸ் அமைப்புகளைக் காத்து வந்தது, நேற்று அதுவும் நின்றதும் அவை தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. பயாஸில் டிஸ்க்கோடு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா மோடு, ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாறியிருக்கும். எக்ஸ்பியிலோ அதன் சிடியிலோ அதற்கான டிரைவர் கிடையாது, எனவேதான் சிடிக்கும் டிஸ்க் தெரியவில்லை. அதை ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றிச் சேமியுங்கள். 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். அதை மாற்றாவிட்டால் அடுத்த மின்தடையில் இதே கதைதான்.

பழையபெட்டி:
டிரைவரை ஃப்ளாப்பியில் வைத்து எஃப்6 அழுத்தி ஏற்றியிருந்தால் சிடிக்கு டிஸ்க் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வன்தட்டு:
ஐயா, அது சிடிக்கு டிஸ்க்கைக் காட்டும். ஏற்கெனவே நிறுவிய விண்டோஸுக்குள் டிரைவரைச் சேர்க்காது. அதன் பிறகும் 7பி-தான் வந்திருக்கும்.

அச்சுக்கூடம்:
ஐடிஇ என்று மாற்றியதும் திறந்துவிட்டது. பையனைப் பேட்டரி வாங்க அனுப்பியிருக்கிறேன். நன்றி.

எழுத்துக்கோப்பு:
மகிழ்ச்சி. பேஜ்மேக்கர் கோப்புகளையும் அவற்றின் எழுத்துருக்களையும் சேர்த்து வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா?